லாக்-ஆஃப் பண்ணீங்களா?

டெர்மினல் சர்வர்க்காரர் என்பவர், ஐம்பது பேர் ஒரே கணினிக்குள் குடித்தனம் நடத்தும் அலுவலகத்தில் சாவிக்கொத்து வைத்திருப்பவர். ஆடிட்டர் அலுவலகம், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், நாலு கிளை உள்ள நகைக்கடை ஆகிய இடங்களில் இவர் காணப்படுவார். அங்கே ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெட்டி இருக்கும். ஆனால் அது வெறும் ஜன்னல்தான். டாலியும் எக்செல்லும் அவுட்லுக்கும் ஓடுவது உள்ளறை சர்வரில். அந்த அறையில் ஏ.சி. உண்டு. சர்வருக்குப் போட்டது, மிச்சக் குளிர் இவருக்கு. காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை இவரை எல்லோரும் தேடுவார்கள். அது இவர் டீ குடிக்கப் போகும் நேரம்.

இந்த இனத்துக்கு வழி திறந்தது 1998இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பு. 2009இல் வந்த சர்வர் 2008 ஆர்2-வில் அதற்கு ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று பெயர் மாற்றினார்கள். அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்பவர்களைப் போல, இவர் இன்றும் 'டி.எஸ்.' என்றுதான் சொல்வார்.

இவருக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றே. "தம்பி, நேத்து வச்ச படம் இன்னிக்குக் காணோம்." சொல்பவர் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டு அனுபவமுள்ள அம்மையார். காணாமல் போனது திருச்செந்தூர் முருகன். கூடவே மின்னஞ்சல் கையெழுத்தும், எந்த பிரிண்டர் என்ற தேர்வும் போயிருக்கும்; ஆனால் மனு முருகன் பெயரில்தான் வரும்.

சர்வர்க்காரர் அசையமாட்டார். "லாக்-ஆஃப் பண்ணீங்களா, இல்ல மேல இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தினீங்களா?" என்று கேட்பார். "மூடிட்டுத்தான் தம்பி போனேன்" என்பார் அம்மையார். இருவரும் பேசுவது உண்மை. பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மட்டும் மூடும். உள்ளே செஷன் விளக்கெரிய அப்படியே கிடக்கும். ஊழியரின் விருப்பங்களைப் பொதுக் கிடங்கில் வைக்கும் ரோமிங் புரொஃபைல் உள்ள இடத்தில், அன்றைய மாற்றங்கள் அங்கே போய்ச் சேருவது லாக்-ஆஃப் ஆகும்போதுதான். இதை ஆள்தோறும் விளக்கும் இவருடைய சொந்த செஷன், தீபாவளிக்கு முன்பு தொடங்கியது, பொங்கல் தாண்டியும் டிஸ்கனெக்ட் நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

புரொஃபைல் என்பது ஊழியரின் ட்ரங்குப் பெட்டி. அதற்குள் என்டியூசர்.டாட் என்றொரு கோப்பு உண்டு. விருப்பங்களில் பெரும்பகுதி அதில்தான் பதிவாகிறது. உள்ளே நுழையும்போது சர்வர் இதைத் திறக்கும். திறக்க முடியாவிட்டால் ஆளைத் திருப்பி அனுப்பாது. தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைத் தரும். சத்திரத்து அறை மாதிரி. சுவரில் என்ன மாட்டினாலும் வெளியேறும்போது துடைத்துவிடுவார்கள். இதை அறிவிக்கும் செய்தி திரையின் ஓரத்தில் ஒழுங்காகவே வரும். ஊழியர் முதல் காரியமாக அதை மூடிவிட்டு, இரண்டாவது காரியமாக முருகனை மாட்டத் தொடங்குவார்.

அப்போது சர்வர்க்காரர் சர்வரின் நாட்குறிப்பான ஈவன்ட் வியூவரைத் திறந்து, தற்காலிகப் புரொஃபைலைக் குறிக்கும் 1511 என்ற எண்ணைத் தேடுவார். கிடைத்ததும் முகம் மலரும்; நோயாளிக்கு என்ன ஆனாலும் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. பிறகு ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்துக்குப் போய், வால் பகுதியில் '.பேக்' என்று ஒட்டிக்கொண்ட நீண்ட எண்ணைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார். அந்த ஐந்து நிமிடமும் பேயோட்டும் பூசாரியின் அருகில் போல யாரும் பேசக்கூடாது.

சர்வர் இரண்டானால் குழப்பம் நாலாகும். பாரத்தைப் பங்கிடும் புரோக்கர், திங்கட்கிழமை ஒரு சர்வருக்கும் செவ்வாய்க்கிழமை இன்னொன்றுக்கும் ஆளை அனுப்புவார். புரொஃபைல் அந்தந்த சர்வரிலேயே தங்கினால், மாமியார் வீட்டில் வைத்த சீப்பை அம்மா வீட்டில் தேடும் கதைதான். அதற்கு மருந்தாக வந்த ரோமிங் புரொஃபைலும் முழுக் குடும்பத்தையும் கூட்டிப் போவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஆப்டேட்டாவில் 'ரோமிங்' ஃபோல்டர் பயணம் போகும். 'லோக்கல்' வீட்டிலேயே இருக்கும். கூஜா வரும், ஆட்டுக்கல் வராது. குரோம் தன் புக்மார்க்குகளை வைப்பது ஆட்டுக்கல் பக்கம். சர்வர் 2008 ஆர்2 புரொஃபைல் ஃபோல்டரின் பெயர் '.வி2' என்று முடியும், சர்வர் 2016இல் '.வி6' என்று முடியும். பெயர் மாறினால் பழைய பெட்டி திறக்காது. புது சர்வருக்கு மாறிய அன்று எல்லோரும் பிறந்த குழந்தைகள்.

2012இல் ஆளுக்கொரு வட்டுக் கோப்பு தரும் யூசர் புரொஃபைல் டிஸ்க் வந்தது. பழைய செஷன் ஒன்று அந்த வட்டை விடாமல் பிடித்திருந்தால், மறுபடியும் சத்திரம்தான். 2018இல் மைக்ரோசாஃப்ட், இதே நோய்க்கு மருந்து விற்ற எஃப்எஸ்லாஜிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. ஒவ்வொரு மருந்து வந்தபோதும் இவர் முதலாளியிடம் சொன்ன வாசகம் மாறியதில்லை: "இனிமே இந்தப் பிரச்சனையே வராது சார்."

இவருடைய இலக்கணம் தனியே கவனிக்கத் தக்கது. கெட்டது எல்லாம் தன்வினை, நல்லது எல்லாம் பிறவினை. செட்டிங்ஸ் "போயிடுச்சு", புரொஃபைல் "கரப்ட் ஆயிடுச்சு". ஆனால் "நான் சரி பண்ணிட்டேன்". இதற்கு முழுச் சோதனை, எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் நடக்கும். என்றோ ஒரு நாள் பரிசோதனைக்காக, முதல் மாடி பிரிண்டரை 'ரீப்ளேஸ்' என்ற தேர்வோடு எல்லோருக்கும் டிஃபால்ட்டாகப் போட்டு வைத்து, மறந்திருப்பார். 'ரீப்ளேஸ்' என்றால் இருப்பதை அழித்துவிட்டு மீண்டும் எழுது என்று பொருள். 'ஒருமுறை மட்டும்' என்று ஒரு டிக் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும், போட்டிருக்கமாட்டார். ஊழியர் தம் பக்கத்து பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த லாக்-ஆனிலோ, 90 நிமிடமும் அதற்குமேல் அரை மணி வரையும் விட்டு வரும் பாலிசிச் சுற்றிலோ, அது மாடியேறிவிடும். தம் சம்பளச் சீட்டு முதல் மாடியில் எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகு ஊழியர் புகார் கொடுப்பார். இரண்டு நாள் மைக்ரோசாஃப்ட் அப்டேட்டைத் திட்டியபின், எந்தெந்த பாலிசி ஓடுகிறது என்று காட்டும் 'ஜிபிரிசல்ட்' அறிக்கையில் தன் கைவேலையைக் கண்டதும் இவர் சொல்வது: "சர்வர்ல ஒரு சின்ன இஷ்யூ. கிளியர் பண்ணியாச்சு."

இவருடைய டெஸ்க்டாப்பில் நீல நிறமும் குப்பைத்தொட்டியும் தவிர எதுவும் இருக்காது. பதினைந்து ஆண்டு அனுபவத்தில் கிடைத்த ஞானம் அது.

முருகன் விவகாரம் கடைசி வரை விடைபெறாது. லாக்-ஆஃப் சரி, புரொஃபைல் சரி, பாலிசி சரி. படம் மட்டும் வராது. ஒரு நாள் அம்மையாரின் மேசையிலேயே உட்கார்ந்து, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தைத் திறந்து பார்ப்பார். 'டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்' எதிரே டிக் இருக்காது. லைன் மெதுவாக இருந்தால் சுமையைக் குறைக்க அதை எடுத்துவிடலாம். எடுத்தால் படம் சர்வரில் பத்திரமாக இருக்கும், இந்தப் பக்கம் வராது. டிக் போட்டு இணைத்ததும் வேலும் மயிலுமாக முருகன் வந்துவிடுவார். "நீ நல்லா இருப்பே தம்பி" என்று அம்மையார் வாழ்த்துவார். கொரோனா காலத்தில், வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் லைன் தாங்கவில்லை என்று ஒவ்வொரு கணினியிலும் அந்த டிக்கை எடுத்தவர் இவர்தான். வாழ்த்தை மட்டும் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்.