அண்ணாச்சியும் ஆண்டவரும் ஆகஸ்டு மாதமும்

"பிள்ளைகளை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?" என்று அமெரிக்காவில் இருக்கும் தமிழரைக் கேட்டால் பள்ளியின் பெயர் வரும், கூடவே அது பத்துக்கு எத்தனை மார்க் வாங்கிய பள்ளி என்பதும் வரும். டாலஸ் புறநகரின் சபை அண்ணாச்சியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாட்சி வரும்.

அண்ணாச்சிக்குப் பூர்வீகம் நாசரேத்தோ மெய்ஞ்ஞானபுரமோ, பிழைப்பு மென்பொருள். கவலை ஒன்றே ஒன்று: பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பதா, மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிப் பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்புவதா? ஊரில் இருந்தவரை இப்படியொரு கவலை உண்டென்றே அவருக்குத் தெரியாது. வெள்ளைக்காரச் சபையின் பைபிள் ஸ்டடியில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு குடும்பம் ஏழு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைத்து, பெரிய வேனில் அள்ளிக்கொண்டு வரும். ஏழும் 'யெஸ் சார்' சொல்லும். தன் மகன் 'வாட்எவர்' சொல்லிக் கேட்டிருந்த அண்ணாச்சிக்கு அன்றே உள்ளத்தில் பாரம் வந்தது.

டெக்சாஸ் இந்த விஷயத்தில் தாராளம். ஹோம்ஸ்கூலும் தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. பதிவு கிடையாது, இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, அரசுப் பரீட்சை கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் சொல்லிக்கொடுத்தால் போதும். அறிவியல் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்த ராத்திரி, பி.இ. படித்த அண்ணாச்சிக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மைக்ராஸ்கோப் ஆர்டர் போட்டுவிட்டார். அது இன்றும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

ஹோம்ஸ்கூல் வருஷங்களில் அவருக்கு உபாகமம் ஆறாம் அதிகாரம்தான் சட்டப்புத்தகம். வீட்டில் உட்கார்ந்தாலும் வழியில் நடந்தாலும் பிள்ளைக்குப் போதிக்கவேண்டியது பெற்றோர் அல்லவா? போதிப்பது என்னவோ மதினிதான், அண்ணாச்சி தலைமையாசிரியர், அதாவது மாலை ஆறு மணிக்கு வந்து "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்பவர். பள்ளிகளில் அரசு எழுதிக் கொடுத்த ஜெபத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-ல் தடுத்ததையும், மறுவருஷம் பைபிள் வாசிப்பை நிறுத்தியதையும் சொல்லும்போது அவர் குரல் கம்மும். 1962-ல் அவருடைய அப்பாவே மூக்குப்பீரியில் அரைக்கால் சட்டையோடு திரிந்தவர். அதனாலென்ன, துக்கம் துக்கம்தான்.

பப்ளிக் ஸ்கூல் வருஷங்களில் அதே வாய் வேறு அதிகாரம் பேசும். "நாம உப்பும் வெளிச்சமுமா இருக்கணும்ல? உப்பை டப்பாவிலேயே அடைச்சு வச்சா எப்படி? தானியேல் என்ன ஹோம்ஸ்கூலா? நேபுகாத்நேச்சார் நடத்தின கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே!" 1990-ல் இதே டெக்சாஸின் பர்ல்சனில் மாணவர்கள் கொடிக்கம்பத்தடியில் கூடி ஜெபித்துத் தொடங்கிய வழக்கம், இப்போது செப்டம்பரில் ஒரு காலை நாடெங்கும் நடக்கிறது. அண்ணாச்சியின் மகனும் போவான். அந்தப் படம் அன்றே சபை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மற்ற நாட்களில் அவன் அந்தக் கம்பத்துப் பக்கம் எதற்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

எந்தக் கட்சிக்கு மாறினாலும் அண்ணாச்சி தானாக மாறியதாகச் சொல்லமாட்டார். "ஜெபத்துல வச்சோம். கர்த்தர் கதவைத் திறந்தார்." கர்த்தர் கதவு திறக்கும் தேதிகளைக் குறித்துவைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் ஒரு சங்கதி பிடிபடும். மதினி எம்.எஸ்ஸி., பி.எட்.; துணைவிக்கான எச்-4 விசாவில் வந்தவர். அதில் அப்போது வேலை பார்க்கக் கூடாது. ஹோம்ஸ்கூல் பாரம் வந்தது அந்தக் காலத்தில். கிரீன் கார்டு மனுவில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் துணைகளுக்கு வேலை அனுமதி தரும் விதி 2015-ல் வந்தது. மதினிக்கு அட்டை கிடைத்த வாரமே ஆண்டவர் தானியேல் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இரண்டு சம்பளம் வந்ததும் வீடு வாங்கினார்கள். அதுவும் விசுவாசத்தில் வாங்கியதுதான். ஆனாலும் பத்துக்குப் பத்து மார்க் வாங்கிய பள்ளியின் எல்லைக்குள்ளேயே விசுவாசம் வீடு தேடியது.

போன கோடையில் அண்ணாச்சியின் அம்மா வந்திருந்தார். மிஷன் பள்ளியில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் வந்து, கோயிலோடு பள்ளிக்கூடத்தையும் கட்டத் தொடங்கிய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போனதால்தான் தன் பாட்டி பைபிள் வாசித்தாள் என்று அறிந்தவருக்கு, பைபிளுக்காகப் பள்ளிக்கூடத்தை விடுவது என்பது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? வேத ஆதாரத்தோட சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு ஊர்ல சொல்லுவாங்கய்யா. வேதத்துலயும் அதுதானே இருக்கு? ஏலி வீட்டுலயே வச்சு வளத்த சொந்தப் பிள்ளைக ரெண்டும் உருப்படலை. வெளியூர்லருந்து அன்னாள் கொண்டாந்து விட்ட சாமுவேல்தான் தேறினான். உன்னையும் நான் என் கிளாஸ்ல வச்சுக்கிடலையே, பக்கத்து கிளாஸ் எஸ்தர் டீச்சர்ட்டல்லா விட்டேன்!"

அண்ணாச்சி உடனே செல்போனில் குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு சாட்சியில் ஏலியும் வந்தார், அன்னாளும் வந்தாள், எஸ்தர் டீச்சர்கூட வந்தார். ஆனால் இந்த வருஷம் ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது வீடா பள்ளிக்கூடமா என்பதை மட்டும் அண்ணாச்சி சொல்லவில்லை. இன்னும் தேவசித்தத்துக்குக் காத்திருக்கிறாராம். மதினியின் வேலை அட்டை புதுப்பிக்கப் போயிருக்கிறது.