பேதம் பாராத கை

வாங்கும் வேளையில் பிரிட்டன் பேதம் பார்ப்பதில்லை. மதுரையிலிருந்து போன மென்பொருள் பொறியாளருக்கும் மான்செஸ்டரிலேயே பிறந்தவருக்கும் ஒரே அச்சில் வார்த்த தேசியக் காப்பீட்டு எண், அதாவது என்.ஐ. நம்பர்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. வேலை செய்யும் உரிமை இருந்தால் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நம்பர் வரும்வரை வேலைக்குக் காத்திருக்கவும் வேண்டாம், காப்பீட்டுப் பிடித்தமும் காத்திருக்காது. ஆண்டுச் சம்பளத்தில் 12,570 பவுண்டைத் தாண்டிய பகுதிக்கு 8 சதவீதம், 50,270க்கு மேல் 2 சதவீதம். நிறமோ பாஸ்போர்ட்டோ இதில் குறுக்கே வராது. அப்படியொரு சமநீதி!

வந்தவரின் உடம்பின் மேலும் எவ்வளவு அக்கறை! விசா கேட்கும்போதே, தங்கப்போகும் காலம் முழுவதற்கும் மருத்துவக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரி முதல் 1,035. மருத்துவ, பராமரிப்புப் பணி விசாவில் வருவோருக்கு விலக்கு உண்டு. வரியாலும் காப்பீட்டுப் பிடித்தத்தாலும் நடக்கும் அதே மருத்துவமனைக்கு உள்ளூர்க்காரர் ஒரு வழியில் கொடுக்கிறார். வந்தவருக்கோ இரு வழியில் கொடுக்கும் பெருமை.

சந்தா கட்டியவருக்கு உதவி சலுகையாக அல்ல, உரிமையாகவே கிடைக்கட்டும் என்றது பிரிட்டனின் சமூகக் காப்பீட்டுக்கு அடித்தளமிட்ட 1942இன் பெவரிட்ஜ் அறிக்கை. அந்த வழியில், காப்பீட்டுச் சந்தாவை அடிப்படையாகக் கொண்ட உதவிகளைப் பெற வந்தவருக்கும் இன்றும் தடையில்லை. ஆனால் வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல், பிள்ளைகளோடு தவிக்கும்போது கைகொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டும் குழந்தைப் படியும் பொது நிதி. அதைத் தொடக்கூடாது என்று விசாவிலேயே நிபந்தனை. ஆசை காட்டி மோசம் செய்யாத நேர்மை இது.

அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சந்தா வேண்டும். 9 ஆண்டு கட்டிவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டவரின் பணமும் வீணாவதில்லை; பிரிட்டனில் இன்றைய முதியவர்களின் ஓய்வூதியத்துக்குப் போய்ச் சேர்கிறது. முகம் தெரியாத கிழவர்களுக்குப் படியளக்கும் புண்ணியத்தை அவருக்கே விட்டுவிட்டு, ஒரு பென்னிகூடத் திருப்பித் தராமல் வழியனுப்பும் பெருந்தன்மையை என்னென்பது!

வாக்குத் தவறாமையிலும் குறையில்லை. முப்பது ஆண்டு லண்டனில் பேருந்து ஓட்டியவர் யாழ்ப்பாணம் திரும்பி அங்கே ஓய்வூதியம் வாங்கத் தொடங்கினால், முதலில் கிடைத்த தொகை அவர் சாகும்வரை ஒரு பென்னி குறையாது. ஒரு பென்னி ஏறவும் ஏறாது. அவரோடு அதே பணிமனையில் ஓட்டி, அதே சந்தா கட்டி, அமெரிக்காவில் மகளோடு குடியேறியவருக்கு ஆண்டுதோறும் ஏறும்.