5 நிமிடமும் 25 லட்சம் ஆண்டும்

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மேசையின் ஒரு பக்கம் வீடு விற்கும் ஏஜெண்டு. 'கேஎல் சென்ட்ரலுக்கு 5 நிமிடம்' என்று விளம்பரம் போடுவதில் கைதேர்ந்தவர். 5 நிமிடம் யாருடைய காலுக்கு என்பதை மட்டும் சொல்லமாட்டார். எதிரில், கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்திறங்கிய ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

"சார், அந்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸி எவ்ளோ தூரம்?"

"சுமார் 25 லட்சம் ஒளியாண்டு."

"அதென்ன சுமார்? நான் சுமார்னு சொன்னா ஒரு கொண்டோ விக்குமா?"

ஆசிரியர் தே தாரேக்கைக் கீழே வைத்தார். "1923ல ஹப்பிள் அங்க ஒரு செஃபீடு நட்சத்திரத்தைப் பிடிச்சார். அதோட வெளிச்சம் ஒரு கணக்கா ஏறி இறங்கும். ஒரு சுத்துக்கு எத்தனை நாள்னு தெரிஞ்சா, உண்மையில அது எவ்ளோ பிரகாசம்னு சொல்லிடலாம். ஹென்ரியட்டா லீவிட் 1912லயே காட்டிட்டாங்க. இங்கேர்ந்து எவ்ளோ மங்கலா தெரியுதுன்னு பார்த்தா தூரம் வந்திடும். ஹப்பிளுக்கு வந்தது 9 லட்சம்."

"9 லட்சமா? இப்ப 25ங்கிறீங்க! நாங்களே இப்படி ஏத்தினதில்ல லா."

"செஃபீடுல ரெண்டு வகை இருக்கிறது அப்பத் தெரியாது. 1952ல வால்டர் பாடே சொன்னார், ஹப்பிள் பார்த்த வகை, நினைச்சதைவிட 4 மடங்கு பிரகாசம்னு. பிரகாசம் 4 மடங்குன்னா தூரம் 2 மடங்கு. அப்புறமும் திருத்தித் திருத்தித்தான் 25. நடுவுல தூசி மறைச்சா தூரம் கூடுதலா தெரியும். பக்கத்து நட்சத்திர வெளிச்சம் கலந்தா குறைவா தெரியும்."

"இந்தக் கணக்கை நம்பி எவன் கடன் கொடுப்பான்?"

"பிரகாசத்துல 5 படி வித்தியாசம்னா 100 மடங்குன்னு அளவுகோல் வகுத்த போக்சன், 1861லேர்ந்து மெட்ராஸ் வானாய்வகத்துல இருந்தவர். அவர்கிட்ட வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867ல ஒளி மாறுற நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார்."

"மெட்ராஸா! நம்மாளுன்னு முதல்லயே சொல்லக்கூடாதா சார்?" ஏஜெண்டின் சந்தேகமெல்லாம் அந்த நொடியே தீர்ந்தது. விஞ்ஞானத்துக்கு நம்மிடையே இதைவிடப் பெரிய சான்று தேவைப்படுவதில்லை.

ஆசிரியர் விடவில்லை. "பெரிய மெகல்லன் மேகம்ங்கிற பக்கத்து கேலக்ஸிக்கு 2019ல போட்ட கணக்கு சுமார் 162,000 ஒளியாண்டு. பிழை 1 சதவீதம்."

"பிழையே 1,600 ஒளியாண்டா!"

"அதையும் சேர்த்தே அச்சடிச்சிருக்காங்க. உங்க 5 நிமிஷத்துல கூடக்குறைய எவ்ளோ?"

"அது லிஃப்ட் வர்றதைப் பொறுத்தது சார்."

லிஃப்ட்டைக் குறை சொல்ல முடியாத ஒரு பிழை வானியலாளர்களிடமும் உண்டு. பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் செஃபீடு வழியில் அளந்தால், மெகாபார்செக்குக்கு நொடிக்கு 73 கிலோமீட்டர். ஆதி ஒளியின் மிச்சத்திலிருந்து கணக்கிட்டால் 67. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் செஃபீடுகளை மறுபடி பார்த்த ஆடம் ரீஸ் குழு, நட்சத்திர நெரிசல் இந்த வித்தியாசத்துக்குக் காரணமல்ல என்று 2024இல் அறிவித்தது. வேறு நட்சத்திரங்களையும் சேர்த்து அளக்கும் வெண்டி ஃபிரீட்மன் குழு 70ஐ ஒட்டியே நிற்கிறது. இரண்டு தரப்பும் இன்னும் அளந்துகொண்டிருக்கின்றன.