சாமான் வாங்கப் போனவர்

கூரை ஸ்க்ரூ போதாது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் நம்மவர்தான். மற்றவர்கள் இன்னும் கையுறை தேடிக்கொண்டிருப்பார்கள். ஏணி கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்காது. பொருளாளர் வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள், நம்மவர் ஸ்க்ரூ டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, அந்தச் சத்தத்தை வைத்தே "இது காணாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அடுத்து வரப்போவது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "நீங்க ஆரம்பிங்க, நான் ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடறேன்." சொல்லும்போதே கார் சாவி கையில் இருக்கும்.

அந்த ஒரு எட்டு எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ருவாபெஹு எரிமலையின் சரிவில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், 50-க்குச் சற்றுக் குறைவான பனிச்சறுக்குக் கிளப் விடுதிகள் இருக்கின்றன. எங்கள் கிளப்பின் விடுதியும் அவற்றில் ஒன்று. அங்கே ஹார்டுவேர் கடை கிடையாது. புரூஸ் சாலையில் ஆறேழு கிலோமீட்டர் இறங்கினால் வருகிற ஃபாகபாபா கிராமத்திலும் கிடையாது. தூராங்கிக்கோ ஓஹாகுனேக்கோ தௌமருனுயிக்கோதான் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வழிக்கே முக்கால் மணி நேரமாவது ஆகும். நம்மவர் மூன்றில் எது தொலைவோ அதைத்தான் தேர்ந்தெடுப்பார். "அங்கேதான் சரக்கு நல்லா இருக்கும்."

ஊர்க் கல்யாண வீட்டில் வாழை இலை குறைகிறது என்று யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு கிளம்பி, கடைசிப் பந்தியில் வந்து உட்காருகிற சித்தப்பாவை உங்களுக்குத் தெரியும். அவரேதான் இவர். இங்கே வெள்ளைக்காரராகப் பிறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கிளப் என்றால் பணக்காரர் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். சமையல்காரர் இல்லை, துப்புரவுக்கு ஆள் இல்லை. அடுக்குக் கட்டிலில் பத்துப் பேரின் குறட்டைக்கு நடுவே தூங்கி எழுந்து, முறை வைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும். நாட்டின் முதல் பனிச்சறுக்குக் கிளப் 1913-இல் இதே மலைக்காகத் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து ஏற்பாடு ஒன்றுதான்: ஆண்டுச் சந்தா கொஞ்சம், தங்கும் இரவுக்குக் கட்டணம் கொஞ்சம், மீதிக்கு உடம்பு. கோடையில் வார இறுதிகளில் சிரமதானம் நடக்கும். எங்கள் கிளப்பில் ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள். வர முடியாதவர் அதற்குப் பதிலாக லெவி கட்ட வேண்டும். அந்த லெவியை நம்மவர் ஒரு வருஷம்கூடக் கட்டியதில்லை. ஏன் கட்ட வேண்டும்? அவர்தான் தவறாமல் வருகிறாரே. காலையில் வருகைப் புத்தகத்தில் முதல் கையெழுத்தே அவருடையது.

கிளம்புவதற்கே தனிச் சடங்கு உண்டு. "வேற யாருக்காவது ஏதாவது வேணுமா?" என்று அறை அறையாகப் போய்க் கேட்பார். யாராவது பாவம் பார்த்து, சின்ன பிரஷ் ஒன்று இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், பயணத்துக்கு நியாயம் இரட்டிப்பாகிவிடும். பட்டியலை ஒரு அட்டையில் எழுதுவார். கண்ணாடியைத் தேடுவார். பட்டியலை உரக்கப் படித்துக் காட்டுவார். மணி பத்தாகும். கார் வளைவில் மறைந்த பிறகுதான் பொருளாளர் பேச்சு மூச்சில்லாமல் ஏணியைத் தோளில் தூக்குவார்.

திரும்பி வருவது சூப் கொதித்து இறங்கிய பிறகு. ஒரு நாளும் அதற்கு முன்னால் வந்ததில்லை. ஒரு நாளும் சூப் ஆறிய பிறகும் வந்ததில்லை. இந்தக் கணக்கை அவர் எப்படிச் சரியாகப் பிடிக்கிறார் என்பது இத்தனை காலமாகியும் எங்களுக்குப் புரியவில்லை. உள்ளே நுழையும்போதே பெருமூச்சோடு நுழைவார். ஓஹாகுனேயில் அந்த அளவு இல்லையாம். கடைக்காரப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். வழியில் சாலை வேலையாம், பச்சை விளக்குக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டதாம். கேட்கிற நமக்கே, காலையிலிருந்து நாம் கூரையில் சும்மா உட்கார்ந்திருந்தோமோ என்று சந்தேகம் வந்துவிடும். சட்டை மார்பில் மட்டும் பேக்கரித் துகள்கள் இருக்கும். ஊர் முகப்பில் நிற்கிற அந்த ராட்சதக் கேரட் சிலையை ஒருமுறை படம் எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பியும் வைத்தார். அப்போது நான் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து டப்பாவைத் திறந்தால், கேட்டது 50 மில்லிமீட்டர், வந்திருப்பது 65. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. "பரவாயில்லை, ரசீது இருக்கு. போய் மாத்திட்டு வந்துடறேன்." கார் சாவி மறுபடியும் கைக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேறு தொழில். இது தேசியப் பூங்கா. கழற்றிய துரு ஆணியைக்கூட மலையில் விட்டுவிட்டு வர முடியாது. பழைய தகரம், பெயிண்ட் டப்பா, கிழிந்த மெத்தை எல்லாம் கீழே இறங்கியாக வேண்டும். குப்பையை மூட்டை கட்டுவது ஒருவர், சரிவில் சுமந்துகொண்டு போய்க் காரில் ஏற்றுவது இன்னொருவர். ஓட்டிக்கொண்டு போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசியில் பெட்ரோல் செலவுக்கான சீட்டும் பொருளாளருக்கு வந்து சேரும். அது மட்டும் கணக்குப் பிசகாமல் இருக்கும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சந்தாவை ஏற்றலாம் என்று யாராவது வாயெடுத்தால் முதலில் எழுந்து நிற்பவரும் இவர்தான். 2022-இல் மலையில் பனி ஒழுங்காக விழவில்லை. அந்த அக்டோபரில் லிஃப்ட் நடத்துகிற கம்பெனியே நொடித்துப்போய் நிர்வாகிகளின் கைக்குப் போனது. நம்மவரின் வாதம் சுருக்கமானது: சறுக்கவில்லை, ஆகவே சந்தாவைக் குறைக்க வேண்டும். "பனி விழாட்டியும் கூரை துருப்பிடிக்குமே, மேட்" என்றார் பொருளாளர். நில உரிமத்துக்கு அரசுக்குக் கட்டுவதும், எரிமலை மேல் இருக்கிற மரக் கட்டடத்துக்குக் காப்பீட்டுக்காரன் கேட்பதும் பனியைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. நம்மவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "நாங்க உழைக்கிறோமே, அதுக்குக் கழிச்சுக்கக் கூடாதா?" என்றார். அந்த "நாங்க" என்ற சொல்லைக் கேட்டு நாலைந்து பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குளிர்காலத்தில் விருந்தாளிகளைக் கூட்டிவந்து விடுதியைச் சுற்றிக் காட்டும்போதும் அதே "நாங்க"தான். கூரையைத் தட்டிக் காட்டி, "போன கோடையில நாங்க போட்டது" என்பார். தட்டுகிற இடத்தில் இருப்பதென்னவோ அவர் வாங்கிவந்த ஸ்க்ரூதான். அதை மறுக்க முடியாது.

இன்னொன்றையும் மறுக்க முடியாது. ஆகஸ்ட் மாதத்தில் புரூஸ் சாலை உறைந்துபோய், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். ஆக்லாந்திலிருந்து இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்த குடும்பம் ஒன்று சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கும். நம்மவர் தன் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்குவார். முன்பின் தெரியாதவர்களின் காருக்கு அடியில், சேறும் பனியும் கலந்த தரையில் மல்லாந்து படுத்து, விரல் மரத்துப்போகும்வரை கட்டிக் கொடுப்பார். ஒரு கார் இல்லை, வரிசையாக. என் காருக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறார். நன்றி சொன்னால் கூச்சப்படுவார். சோம்பேறி என்று இந்த மனிதரைச் சொல்லவே முடியாது. கார் சம்பந்தப்பட்ட உழைப்பு என்றால் உயிரைக் கொடுப்பார். எங்கள் சாக்கடைத் தொட்டிக்குச் சக்கரம் இல்லாமல் போனது அதன் விதி.

ஆனால் அந்தத் தொட்டியை யார் சுத்தம் செய்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சமையலறைக் கொழுப்பு வந்து தேங்குகிற தொட்டி அது. ஒவ்வொரு கோடையிலும் அதைக் கரண்டியால் வழித்துச் சுத்தம் செய்கிறவர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். முழங்காலில் வலி, மண்டியிட முடியாமல் பழைய மெத்தையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து செய்கிறார். வருகைப் புத்தகத்தில் அவருக்கு இரண்டு நாள். நம்மவருக்கும் இரண்டு நாள். எங்கள் சந்தா இன்னும் ஏறாமல் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்த அம்மாளைப் போன்ற ஏழெட்டுப் பேர்தான். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்கள் நின்றுவிட்ட மறுவருஷம் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். மலை மேல் வந்து வேலை செய்ய ஒரு தச்சருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். வேலைக்கு வராமல், கேட்ட லெவியை முணுமுணுக்காமல் கட்டிவிட்டுப் போகிறவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் காசில் ஒரு பெயிண்ட் டப்பாவாவது வரும்.

வருகிற சிரமதானத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இந்த வாரமே மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நாலு டப்பா, வாஷர், சிலிக்கான், பெரிய பிரஷ், சின்ன பிரஷ், உபரிக்கு ஒரு சுத்தியல்கூட. பட்டியலில் இல்லாததை வாங்கப் போனால் அந்த நாள் கணக்கில் சேராது என்று ஒரு தீர்மானமும் பொதுக்கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒரு கை வேண்டும். உறுப்பினர்களே, யாராவது தூக்குங்கள்.

அதுவரைக்கும், சனிக்கிழமை காலை யார் முதலில் மேலே போய்ச் சேருகிறீர்களோ, அந்த ஸ்க்ரூ டப்பாக்களை நம்மவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.