துடைப்பக்கட்டை ஜெனரல்

சிலி நாட்டின் 1930-ஆம் வருட நாடாளுமன்றத் தேர்தலை ஒரு வெந்நீர் ஊற்றில் வைத்தே முடித்துவிட்டார்கள். அப்போது அங்கே சர்வாதிகாரம் செய்துகொண்டிருந்தவர் கார்லோஸ் இபானியெஸ் என்ற ராணுவத்துக்காரர். எத்தனை இடமோ அத்தனை வேட்பாளர்கள்தான் என்றால் வாக்கெடுப்பே தேவையில்லை என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சில்லான் மலையடி வெந்நீர் ஊற்றில் இளைப்பாறிக்கொண்டே, கட்சிகள் கொடுத்த பெயர்களில் வேண்டாதவற்றைக் கழித்து, மொத்த உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டார். வாக்காளர்களுக்கு வீண் அலைச்சல் மிச்சம். 'வெந்நீர் காங்கிரஸ்', அதாவது வெந்நீர் நாடாளுமன்றம், என்ற பெயர் மட்டும் இன்றுவரை சரித்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருடமே ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். ஐயா அர்ஜென்டினாவுக்குப் போனார். கதை இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் அரசியலுக்குப் புதுசு. 1952-ல், 74 வயதில், கையில் துடைப்பத்தோடு ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்து நின்றார். கட்சிக்காரர்களையெல்லாம் பெருக்கித் தள்ளப்போகிறாராம்.

ஜனங்கள் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோன்சாலெஸ் விதேலா, கம்யூனிஸ்ட்டுகளின் தோளில் ஏறி ஜெயித்து, அவர்களுக்கு மந்திரி பதவியும் கொடுத்து, 1948-ல் அந்தக் கட்சியையே தடை செய்தவர். 1946-ல் அவருக்குப் பிரசாரப் பொறுப்பாளராக இருந்தவர் கவிஞர் பாப்லோ நெரூதா. அதே நெரூதா 1949-ல் போலீசுக்குத் தப்பி, குதிரையேறி ஆண்டிஸ் மலையைத் தாண்ட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் பார்த்தவனுக்குத் துடைப்பம் அழகாகத்தானே தெரியும்? நாலு பேர் போட்டியில் இபானியெஸுக்குக் கிட்டத்தட்ட 47 சதவீதம். அயெந்தே என்ற டாக்டருக்கு ஐந்தரை சதவீதம், கடைசி இடம்.

பெருக்குவதற்கு நாடாளுமன்றம் கையில் வேண்டுமே. 1953 மார்ச்சில் தேர்தல் வந்தது. இங்கேதான் துடைப்பத்தின் கட்டு அவிழ்ந்து, குச்சிக்கு ஒரு கட்சியானது. விவசாயத் தொழிலாளர் கட்சி இபானியெஸ் கட்சி. மக்கள் சோஷலிஸ்ட் கட்சியும் அவர் கட்சிதான். அவர் பெயரிலேயே ஓர் இயக்கம் தனி. மற்ற கட்சிகளும் பிளவில் சளைத்தவை அல்ல. பழமைவாதிகள் ஏற்கெனவே இரண்டு, சோஷலிஸ்ட்டுகள் இரண்டு, ஜனநாயகக் கட்சியும் ஒன்றோடு நிற்கவில்லை. கட்சிகளை ஒழிக்க வந்தவரின் புண்ணியத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்சிகள் சபைக்குள் நுழைந்தன. போதாக்குறைக்கு, வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு அர்ஜென்டினாவின் ஜனாதிபதி பெரோன் விருந்துக்கு வந்து, அண்ணன் தம்பி உறவு கொண்டாடிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சடிக்காது. கட்சிகளே அச்சடித்துக் கொடுக்கும். வாக்கை விலைக்கு வாங்க இதைவிட வசதி எது? ஆட்களைப் பிடித்து ஒரு வீட்டில் அடைத்து, இறைச்சி வைத்த எம்பனாதாவும் ஒயினும் கொடுத்து, சீட்டைக் கையில் திணித்து, வாக்குச்சாவடி வாசல்வரை கூடவே போவார்கள். பண்ணையில் இந்தச் செலவும் குறைவு. முதலாளி கொடுத்த சீட்டைக் கூலியாள் அப்படியே போட்டுவிட்டு வருவான்.

நாடு முழுவதற்குமான நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களித்தது அந்த 1953 தேர்தலில்தான் முதல் தடவை. இரண்டு மாதம் முன்னதாக, இபானியெஸ் காலி செய்த செனட் இடத்துக்கு மரியா தெ லா க்ரூஸ் ஜெயித்து, நாட்டின் முதல் பெண் செனட்டர் ஆகியிருந்தார். வானொலியில் பேசிப் பேர் வாங்கியவர், பெரோன் அபிமானி. கைக்கடிகார வியாபாரத்தில் தலையிட்டார் என்று ஒரு குற்றச்சாட்டைச் சொல்லி அந்த ஆகஸ்டிலேயே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆண் செனட்டர்கள் அவ்வளவு பேரும் சூரியனைப் பார்த்து மணி சொன்னவர்கள் போலிருக்கிறது!

செனட்டில் பாதி இடங்களுக்குத்தான் தேர்தல் என்பதால் பழைய ஆட்கள் பாதிப்பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரலுக்கு நம்பகமான பெரும்பான்மை கிடைக்கவே இல்லை. மக்கள் சோஷலிஸ்ட்டுகள் அந்த வருடம் முடிவதற்குள் மந்திரிசபையை விட்டு வெளியேறினார்கள். விலைவாசி ஏறிய வேகத்தில் மற்றவர்களின் அன்பும் கரைந்தது.

பெருக்கினாரா என்றால், போகிற போக்கில் கொஞ்சம் பெருக்கத்தான் செய்தார். 1958-ல், பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில், கம்யூனிஸ்ட் தடைச் சட்டம் நீங்கியது. எல்லா வேட்பாளர்கள் பெயரும் இருக்கிற ஒரே சீட்டை அரசாங்கமே அச்சடிக்கும் என்றும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பண்ணையார் தாராளமாக ஒயின் ஊற்றலாம். உள்ளே போனவன் எந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டான் என்பது மட்டும் தெரியாது.