மென்காற்றில் நூல் தேர்வு: கனகசெட்டிக்குளத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

செய்யுளில் சொற்கள் படும் பாட்டை வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று வகுத்தார் பவணந்தி முனிவர். கைட்போர்டிங் நூலும் இதே ஆறு பாடும் படுகிறது என்பதை நன்னூல் உரையாசிரியர் எவரும் சுட்டவில்லை. அவர்கள் காலத்தில் அந்த விளையாட்டே இல்லை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதை ஏற்பதற்கில்லை என்றாலும், விட்டுப்போன உரையை எழுதிவிடுவதுதான் இனி நாகரிகம்.

விளையாட்டு இதுதான். காலடியில் பலகை, இடுப்பில் கச்சை, கையில் ஒரு தண்டு, தண்டிலிருந்து நான்கு நூல், நூல்களின் மறுமுனையில் ஓர் அறை அகலத்துக்குக் காற்றடைத்த பட்டம். பட்டம் இழுக்க, ஆள் கடல்மேல் சறுக்குவார். கடலில் விழுந்தாலும் மீண்டும் எழும்பும் இந்தப் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரியவர்கள் புரூனோ, டொமினிக் லெகெனு என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962இல். இருபத்திரண்டு ஆண்டு முன்னதாக யோசித்திருந்தால், சிவப்புத் தொப்பி போலீசோடு சேர்த்து இதையும் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போயிருப்பார்கள்.

கனகசெட்டிக்குளம் புதுச்சேரிப் பகுதியின் வடகோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர். காற்றுக்குப் பஞ்சமான கரை என்று இதைச் சொல்லிவிட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. ஆனால் புயலில் பட்டம் விடுகிறவர் ஆய்வுப்பொருள் ஆகமாட்டார், செய்தி ஆவார். மற்ற நாட்களின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவத்தில் காலையில் கச்சான் வீசும். அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அதில் பட்டம் ஏற்றினால் போவது சுலபம், திரும்புவதுதான் சிக்கல். வெயில் ஏறி மண் சூடான பிறகு பிற்பகலில் கடல்காற்று எழும். அது சில நாள் தாராளமாக வரும், சில நாள் பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டரில், நின்றுவிடும். மென்காற்று என்பது அந்த இரண்டாவது வகை. ராமேசுவரத்துக்கும் இலங்கையின் கற்பிட்டிக்கும் போய்வந்தவர்கள் இதைக் காற்றென்றே ஒப்பமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நீட்டல்வாதிகள் நுழைகிறார்கள். கடல்பரப்பை உரசும் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் ஓடும். ஆகவே 20 மீட்டர் நூலை 27 ஆக்கு, பட்டம் நல்ல காற்றைப் பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி. கொள்கை சரி, ஆதாயம்தான் கொஞ்சம். திறந்த கடலுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், ஏழு மீட்டர் கூடுதல் நூலுக்குக் கிடைப்பது சுமார் 3 விழுக்காடு வேகம். இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அதை 7 விழுக்காடு என்று பெருமையாகவும் சொல்லலாம். காற்று தானாகப் பத்து நாட் வேகத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறினால் இழுவை 21 விழுக்காடு கூடுகிறது, காசு வாங்காமல். நீட்டலின் மெய்யான பலன் வேறிடத்தில் இருக்கிறது. நூல் நீண்டால் பட்டம் மேலும் கீழுமாக எட்டுப்போட இடம் அகலும். மென்காற்றில் ஆளை நகர்த்துவது பட்டத்தின் அந்த ஓட்டம்தான். அதற்கு விலை, தண்டைத் திருப்பியபின் பட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும் சாவகாசம்.

மெலித்தல் கட்சியின் கணக்கு இன்னும் ருசியானது. 2 மில்லிமீட்டர் தடிப்பில் 20 மீட்டர் நூல் நான்கு. அவை காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு 0.16 சதுர மீட்டர், அதாவது 40க்கு 40 சென்டிமீட்டர் பலகை ஒன்றைக் கூடவே இழுத்துப் போவதற்குச் சமம். நூலை 1.5 மில்லிமீட்டராக மெலித்தால் அதே பரப்பில் 27 மீட்டர் கிடைத்துவிடும். ஆக, மெலிக்கிறவனுக்கே நீட்டும் தகுதி உண்டு என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது.

மெலிந்தால் அறுந்துவிடாதா? இது தங்கூசி அல்ல. நெதர்லாந்தில் நிலக்கரி தோண்டிக்கொண்டிருந்து பிறகு வேதிப்பொருளுக்கு மாறிய டிஎஸ்எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1970களின் இறுதியில் பிறந்த டைனீமா. பாலிஎத்திலீன்தான், கடைப் பைக்குத் தூரத்து உறவு. தண்ணீரில் மிதக்கும். ஒற்றை நூல் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் வெறும் நூலில் முடிச்சுப் போட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகும். உருகுநிலை 150 டிகிரியை ஒட்டியது என்பதால், விறைத்த இரண்டு நூல்கள் குறுக்கே உரசினால் ஒன்று சூட்டிலேயே அறுபடும். வடசென்னையில் இதற்கு டீல் என்று பெயர். அங்கே அதற்காக மாஞ்சா தடவி மெனக்கெட்டார்கள். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவுக்குத் தடை போட்டது. கடலில் மாஞ்சா இல்லாமலே டீல் நடக்கும் என்பதால், பக்கத்தில் வருகிறவரின் பட்டத்தைவிட அவர் நூலைக் கவனிப்பது மேல்.

நூலைக் கயிறாகத் தடிக்கவைக்கும் வலித்தலுக்குச் சான்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைப் பக்கம் கிடைக்கிறது. பொங்கலுக்கு ராட்சதப் பட்டம் ஏற்றும் அந்த வட்டாரத்தில், 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் பட்டக் கயிற்றைப் பிடித்திருந்த குழுவில் மற்றவர்கள் கைவிட, ஓர் இளைஞர் மட்டும் சுமார் 30 அடி உயரம் போய் இறங்கினார். பெரிய காயமில்லை. கயிறு கடைசிவரை அறவில்லை என்பதை நூலியல் நன்றியோடு குறித்துக்கொள்கிறது. மென்காற்றுக்கு அவ்வளவு கயிறு வேண்டாம்.

நான்கு நூலும் ஒரே நீளமா என்பதை யாரும் சோதிப்பதில்லை. மென்காற்றில் பாதி வழக்கு அதில்தான் தீரும். பாரத்தில் பெரும்பங்கு முன்நூல் இரண்டுக்கும் போகிறது. அவை நாளடைவில் நீள்கின்றன. அப்போது பின்நூல் குட்டையாகிப் பட்டத்தின் பின்விளிம்பை இழுத்துப் பிடிக்கிறது. பட்டம் மூச்சடைத்துப் பின்பக்கமாகச் சரிகிறது. பலத்த காற்று இந்தக் குறையை மன்னிக்கும், மென்காற்று மன்னிக்காது. நான்கு முனையையும் ஒரு தென்னையில் மாட்டி, மறுமுனையில் தண்டைப் பிடித்து இழுத்தால் ஒரு விரற்கடை வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும். புது நூலுக்கு விலை விசாரிக்கிறவர்கள் முதலில் தென்னையை விசாரிக்கலாம். சூத்திரம் சரியில்லாத காத்தாடிக்கு நூலை மாற்றிப் பயனில்லை என்பது வியாசர்பாடிப் பையன்களுக்கே பாடம்.

குறுக்கல் பணக்காரக் கட்சி. நீருக்கடியில் சிறகு வைத்த பலகையில் போகிறவர் தன் வேகத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அவருக்கு உயரத்துக் காற்றைவிட நூலின் இழுபறிதான் பகை. மெல்லிய, குட்டையான நூல் போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் முதல்முறை சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்தது. பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜ், ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டஸ் தங்கம் வென்றார்கள். நடுவில் காற்றில்லாமல் பந்தயங்கள் தள்ளிப்போயின. உலகின் தேர்ந்த நூல்கள் அத்தனையும் கரையில் கிடந்தன.

தொகுத்தல் எளிது: நல்ல தண்ணீரில் அலசி, எட்டு வடிவில் தண்டில் சுற்றவும். விரித்தல்தான் கனகசெட்டிக்குளத்தில் கடினம். காற்று போகும் திசையில் நூலின் இரு மடங்கு நீளமாவது வெட்டவெளி வேண்டும் என்பது பொதுவிதி; 27 மீட்டருக்கு 54 மீட்டர். கடல்காற்று ஊரை நோக்கி அடிக்கும், ஆகவே அந்த 54 மீட்டரும் மணலிலிருந்து வரவேண்டும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்ததிலிருந்து, 1980களின் இறுதி முதல் இந்தப் பக்கத்துக் கரைகள் அரிபட்டு வருகின்றன. மிச்சமிருக்கும் மணலில் ஃபைபர் படகும் காயும் வலையும். படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்கும் துணிவு எந்தத் தடிப்பிலும் எந்த நீளத்திலும் கடையில் கிடைப்பதில்லை.