பிரிக்காத கட்டு

பீச்–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். மறுநாளே அதில் சீட்டாட்டமும் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு பிரீஃப்கேஸைப் படுக்கப்போட்டு, அதன்மேல் பேப்பரை விரித்து, கிண்டி வருவதற்குள் ஒரு ரம்மியை முடித்துவிடுவார்கள். கட்டு கைப்பிசுக்கு ஏறிக் கனத்திருக்கும். ஆர்ட்டின் ஏழு எப்போதோ சைதாப்பேட்டையில் ஜன்னல் வழியாகப் பறந்துபோயிருக்கும். அதற்குப் பதில் யாருடைய விசிட்டிங் கார்டிலோ பால்பாயின்ட் பேனாவால் ஏழு என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆட்டம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கும்.

நானும் அதே ரயிலில் போகிறவன்தான். சேலையூரில் என் வீட்டு பீரோவுக்குள் அவர்கள் கண்ணால் பார்த்திராத சீட்டுக்கட்டுகள் இருக்கின்றன. ஆனால் எனக்கு ரம்மி ஆட வராது. வந்தாலும் ஆட முடியாது. சீலை உடைத்தால் மதிப்பு போய்விடும். நான் சேகரிப்பாளன்.

தபால்தலை சேர்ப்பவருக்கு ஊரில் மரியாதை உண்டு. பழைய காசு சேர்ப்பவரைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கண்காட்சி வைக்கச் சொல்வார்கள், பொன்னாடைகூடக் கிடைக்கும். சீட்டுக்கட்டு சேர்க்கிறேன் என்றதும் எதிர்வீட்டு மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதுவரைக்கும் எவ்வளவு விட்டிருப்பீங்க?” என்றார். ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சொல்லியிருக்கிறது என்று விளக்கினேன். “அப்ப நிறையத்தான் விட்டிருக்கீங்க” என்றார். மனிதர் தீர்க்கதரிசி. விட்டது சீட்டில் இல்லை, ஷிப்பிங்கில்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து எர்லாங்கரில் ஒரு அச்சகம் இருக்கிறது. 1885-இலிருந்து ‘பைசைக்கிள்’ சீட்டு போடும் கம்பெனி; 2019-இல் பெல்ஜியத்துக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். உலகத்தில் எந்த ஓவியர் எதை வரைந்தாலும் அதைச் சீட்டின் முதுகில் அச்சிட்டு, சில ஆயிரம் கட்டுகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அதுதான் லிமிடெட் எடிஷன். சீலில் வரிசை எண் போட்டிருந்தால் இன்னும் விசேஷம். சீட்டுகளின் விளிம்பில் பொன்முலாம் பூசியிருந்தால் அதற்கு ‘கில்டட்’ என்று பெயர். இந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குக் குரலே மாறும்.

இந்தப் பைத்தியத்துக்கு வித்திட்டது லாஸ் வேகாஸ் பக்கத்து ஜெரிஸ் நகெட் என்ற சூதாட்ட விடுதி. 1970-இல் தனக்கென்று ஒரு சீட்டு அச்சிட்டது. அவை பரிசுப்பொருள் கடையில் ஒரு டாலர் அளவுக்கு விற்றுத் தீர்ந்தன. தீர்ந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஒரு கட்டு நூற்றுக்கணக்கான டாலருக்குப் போயிற்று. அன்றிலிருந்து, மலிவாக எதைப் பார்த்தாலும் ‘இதுவும் ஒருநாள்’ என்று எங்களுக்குள் ஒரு குரல் கேட்கிறது. மனைவிக்கு அது கேட்பதில்லை.

இனி ‘பண்டில்’ என்ற சமாசாரத்துக்கு வருகிறேன். நமக்குப் பிடித்த கட்டு எப்போதும் தனியாகக் கிடைக்காது. அந்தக் கில்டட் கட்டு வேண்டுமென்றால் கூடவே சாதாரணக் கட்டு ஐந்து, ஒரு பித்தளை நாணயம், கொஞ்சம் ஸ்டிக்கர், வெட்டாத முழு அச்சுத்தாள் ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தத் தாளை மடிக்கக் கூடாது என்று நீளக் குழாயில் போட்டு அனுப்புவார்கள். விற்பனை அங்கே பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். இங்கே இரவு ஒன்பதரை. வீட்டில் சீரியல் நேரம். ஒன்பது முப்பத்தைந்துக்குச் சரக்கு தீர்ந்திருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் பெயர், அட்டை எண், ஓ.டி.பி., முகவரி எல்லாம் தட்ட வேண்டும். முகவரிக் கட்டத்தில் முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் ஏறாது. ‘கேம்ப் ரோடு சிக்னல் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, பிள்ளையார் கோயிலை ஒட்டிய மாடி வீடு’ என்பதை முப்பத்தைந்து எழுத்தில் சொல்ல முடிந்தவன் வெண்பாவே எழுதலாம்.

‘150 டாலருக்கு மேல் ஷிப்பிங் இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனால், அமெரிக்காவுக்குள் மட்டும் என்று இருக்கும். தாம்பரத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பேன். கட்டு 15 டாலர், ஷிப்பிங் 32 டாலர். சீட்டுக்கட்டின் எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஏன் இவ்வளவு? விடை கூரியர்காரர்களின் கணக்கில் இருக்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. உண்மை எடை, இந்தக் கற்பனை எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. முப்பதுக்கு இருபத்தைந்துக்கு இருபது என்று ஒரு பெட்டி வந்தால் மூன்று கிலோ ஆகிவிடும். உள்ளே அரைக் கிலோ சீட்டு. பாக்கி கென்டக்கிக் காற்று. அந்தக் காற்றைத் தாம்பரம் மொட்டை மாடியில் நின்று, காசு கொடுத்தவன் என்ற உரிமையோடு சுவாசித்திருக்கிறேன். விசேஷமாக ஒன்றும் இல்லை.

அடுத்தது சுங்கம். 2021-இல் சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு அடிப்படை வரி 35 சதவீதம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி. எல்லாவற்றையும் பொருளின் மதிப்போடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆயிரம் ரூபாய்க்கு 772 ரூபாய் 80 காசு. அந்த 80 காசைப் பார்க்கும்போதுதான், யாரோ உட்கார்ந்து கவனமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி வரும். மதிப்பு என்பதில் ஷிப்பிங் கட்டணமும் அடக்கம். விமானத்தில் வந்தால் அதற்குப் பொருள் விலையில் 20 சதவீதம்தான் உச்சவரம்பு என்று விதியில் ஒரு சலுகை இருக்கிறது. எங்கள் குழுவில் அதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆக, காற்றுக்குக் கூலி கொடுத்து, அந்தக் கூலிக்கு வரியும் கொடுத்தோம். இதே சாமானை உள்ளூரில் வாங்கினால் அப்போது 12 சதவீதம்தான். செஸ், கேரம் பலகையோடு சீட்டுக்கட்டையும் ஒரே வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் அதையும் 5 ஆக்கிவிட்டார்கள்.

குறை சொல்வதற்கு முன் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஆஸை அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்தது. அதைக் கள்ளத்தனமாக அடித்ததற்காக 1805-இல் ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த நாட்டில் சீட்டு வரி ஒழிந்தது 1960-இல்தான். நம் ஊரில் 2021-இல் வெறும் 77 சதவீதத்தோடு விட்டுவிட்டார்கள்.

‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கதவு 2019 டிசம்பரில் சாத்தப்பட்டது. அதுவரை 5,000 ரூபாய்வரை பரிசுக்கு வரியில்லை. அதன் பிறகு விலக்கு இரண்டே பொருள்களுக்கு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கி அனுப்ப எனக்கு அமெரிக்காவில் தங்கை இல்லை. மருந்து என்று சொல்லலாமா என்று வாய்விட்டு யோசித்தேன். “உங்களுக்கு அது மருந்து இல்லீங்க, வியாதி” என்றாள் மனைவி.

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் சுங்கத்துறையினர் ஒரு பார்சலைப் பிரித்தார்கள். போலந்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்தது. உள்ளே 107 சிறு குப்பிகள், அவற்றில் உயிருள்ள சிலந்திகள். வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. செய்தியைப் பார்த்து ஊரே அருவருப்பில் நெளிந்தது. எனக்கு மட்டும், பாவம், ஷிப்பிங் எவ்வளவு கொடுத்திருப்பாரோ என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒரே பயம். பார்சலைத் தாராளமாகப் பிரித்துப் பார்க்கட்டும். கட்டைப் பிரித்துவிடக் கூடாது.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவது மூத்தோர் வழி. போகும்போது பருப்புப் பொடியும் வடாமுமாக அடைத்துக்கொண்டு போன பெட்டி, திரும்பும்போது காலியாகத்தானே வரும் என்று குரோம்பேட்டையில் ஒரு தெரிந்தவர் வீட்டில் கேட்டேன். பையனின் அம்மா காபி டம்ளரைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தார். “எங்க பையன் பொட்டியில சூதாட்டச் சீட்டா? அடுத்த மாசம் பொண்ணு பார்க்கப் போறோம்.”

ஆகவே குரூப் பை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பண்டில், ஷிப்பிங்கைப் பங்கு போட்டுக்கொள்வது. குரோம்பேட்டைப் பல் டாக்டர், பல்லாவரம் வங்கிக்காரர், மேடவாக்கம் ஐ.டி. தம்பி, பெருங்களத்தூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான். ஆசிரியருக்கு மேஜிக் செய்ய வரும். கட்டைப் பிரிக்காமல் செய்கிற மேஜிக் இன்னும் பிடிபடவில்லை என்பார். எங்கள் முதல் பண்டில் கென்டக்கியை விட்டுக் கிளம்பும்போது தாம்பரம் நகராட்சியாக இருந்தது. கைக்கு வந்தபோது, 2021 நவம்பர், மாநகராட்சி ஆகிவிட்டிருந்தது. பண்டிலைக் காட்டிலும் வேகமாக வளர்ந்த ஊர் எங்களுடையது.

மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஐவரும் கூடினோம். ஆளுக்கொரு சாதாரணக் கட்டு என்று முன்பே பேசியிருந்தோம். ஆறாவது கட்டு, அந்த வரிசை எண் போட்ட கில்டட், யாருக்கு என்று பேசவே இல்லை. ஒவ்வொருவரும் அது தனக்கு என்று நினைத்திருந்ததுதான் காரணம். டாக்டர், தன் கிரெடிட் கார்டில்தான் வாங்கியது என்றார். சுங்க வரி கட்டிய ரசீதை வங்கிக்காரர் எடுத்துக் காட்டினார். என் முகவரிக்குத்தான் வந்தது என்பதை நான் பணிவாக நினைவூட்டினேன்.

“சீட்டு இழுத்துப் பார்த்துடலாம். பெரிய சீட்டு யாருக்கோ அவருக்கு” என்றார் ஆசிரியர். நியாயமான யோசனை. மேஜைமேல் ஆறு கட்டு இருந்தது. எதைப் பிரிப்பது என்று கேட்டதும் ஐந்து பேரும் அவரவர் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம்.

கடைசியில் தம்பியை சண்முகம் சாலைக்கு அனுப்பி, இருப்பதில் மலிவான ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னோம். அரைமணியில் வந்தான். ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடையில் கிடைத்ததாம். டாக்டர் செலோஃபேனில் நகத்தை வைத்தார். “சார், இருங்க” என்றார் வங்கிக்காரர். கட்டை வாங்கித் திருப்பிக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தார். தயாரிப்பாளர் முகவரியில் பம்பாய் என்று இருந்தது. பம்பாய் மும்பை ஆனது 1995-இல். சீல் உடையவில்லை, மூலை மழுங்கவில்லை. டாக்டர் நகத்தை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

“இன்னும் இருந்துச்சா தம்பி?”

“கேக்கல சார்.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஐந்து பேரும் கிளம்பினோம். கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

“இருக்குது சார். ஆனா தனியாத் தர்றதில்ல. பரமபத அட்டை, தாயக்கட்டை, ரெண்டு குயர் நோட்டு சேத்து செட்டாத்தான் எடுக்கணும். பை வேணும்னா பத்து ரூபா தனி.”